வாயை மட்டும் அசைக்கச் சொன்னவர்கள்

'எனக்குப் பாட்டெல்லாம் வராது' என்று சொல்பவரிடம் 'யார் சொன்னது?' என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஓர் ஆள் இருப்பார். ஆண்டு விழாக் குழுப்பாட்டு ஒத்திகையில் 'நீ வாயை மட்டும் அசை, சத்தம் வரக்கூடாது' என்ற டீச்சர். குளியலறைக் கதவைத் தட்டி 'போதும் நிறுத்து' என்ற அண்ணன். சொன்னவர் அன்று மாலையே மறந்திருப்பார். கேட்டவர் குரோம்பேட்டையிலோ சேலையூரிலோ குடும்பம், வேலை, வீட்டுக் கடன் எல்லாவற்றையும் துணிச்சலாகச் சமாளித்துக்கொண்டு, இந்த ஒன்றில் மட்டும் எட்டு வயதுப் பிள்ளையாகவே நின்றுவிடுகிறார்.

கணக்கு வராத பிள்ளையிடம் 'நோட்டை மட்டும் திறந்து வை, பேனாவைத் தொடாதே' என்று ஓர் ஆசிரியர் சொன்னால் பெற்றோர் பள்ளிக்கூட வாசலில் போய் நிற்பார்கள். பாட்டில் அதையே சொன்னால் 'உண்மையைத்தானே சொன்னார்' என்கிறார்கள். பாட்டு என்பது பிறக்கும்போதே தொண்டையில் வைத்து அனுப்பப்படும் வரம்; அது வாய்த்தவர் பாடலாம், வாய்க்காதவர் கேட்டுக்கொண்டிருக்கலாம். படித்தவர், படிக்காதவர் எல்லாரும் நம்பும் இந்தக் கருத்து பொய். அதற்குச் சாட்சி நம் ஊரிலேயே இருக்கிறது.

2021இல் தாம்பரம் மாநகராட்சி ஆனபோது அதற்குள் வந்த மாடம்பாக்கம், செம்பாக்கம், சிட்லபாக்கம், பீர்க்கன்காரணை எல்லாம் ஏரியை நம்பி இருந்த ஊர்கள். நெல் விளைந்த இடத்தில் நடவுப் பாட்டு இருந்தது. ஏற்றம் இறைத்தவர்களுக்கு எத்தனை சால் இறைத்தோம் என்ற கணக்கே பாட்டுதான். தொட்டிலுக்குத் தாலாட்டு, இழவுக்கு ஒப்பாரி. இவற்றைப் பாடியவர்களை யாரும் குரல் தேர்வு வைத்து எடுக்கவில்லை. பிள்ளை அழுதது, தாய் பாடினாள். குரல் சரியில்லை என்று எந்தத் தாயும் தொட்டிலை விட்டு எழுந்து போகவில்லை.

திருநீர்மலைக் கோயிலில் பெருமாள் புறப்பாட்டின்போது பிரபந்த கோஷ்டி முன்னால் போவதைப் பார்த்திருப்பீர்கள். கோஷ்டிக்குள் யார் நிற்கலாம் என்பதில் நியாயமான கேள்விகள் வேறு உண்டு, அவை தனியே பேசப்பட வேண்டியவை. ஆனால் அங்கே நிற்பவரிடம் 'உங்கள் சாரீரம் இனிமையா?' என்று யாரும் கேட்பதில்லை. கரகரத்த குரலும் உடைந்த குரலும் சேர்ந்துதான் அந்தக் கம்பீரம். தாம்பரம் சுற்றுவட்டார தேவாலயங்களில் ஞாயிற்றுக்கிழமை கீர்த்தனை ஒலிக்கும்போதும் அப்படித்தான். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் காலத்திலிருந்து சபை முழுக்கப் பாடுவதற்கென்றே வந்தவை அவை. பாடகர் குழு முன்னால் இருந்தாலும் கடைசி பெஞ்சுத் தாத்தாவுக்கும் அதில் பங்கு உண்டு.

பிறகு எங்கே வந்தது இந்தக் கூச்சம்? சினிமாவை முழுக்கக் குற்றம் சொல்ல மாட்டேன், ஆனால் பெரும்பங்கு அதற்கு உண்டு. தொடக்க காலத் தமிழ்ப் படங்களில் நடித்தவர்களே பாடினார்கள். 1938இல் வந்த 'நந்தகுமார்' தமிழில் பின்னணிப் பாடலுக்குத் தொடக்கம் என்பார்கள். அதன்பின் ஒரு தேசத்தின் பாட்டு சில தொண்டைகளுக்குள் போய்ச் சேர்ந்தது. பி. சுசீலா 17,695 பாடல்கள் பாடியதாக 2016இல் கின்னஸ் பதிவு செய்தது. அந்தக் குரல் நமக்குக் கிடைத்தது பெரும் பேறு. அதை அளவுகோலாக்கிக்கொண்டது நம் தவறு. 2006இல் விஜய் டிவி 'சூப்பர் சிங்கர்' தொடங்கியபின் நடுவர் மேசை வீட்டுக் கூடத்துக்கே வந்துவிட்டது. சோபாவில் சாய்ந்தபடி 'சுருதி விலகுது' என்று சொல்லக் கற்றுக்கொண்டோம். அந்தத் தீர்ப்பைக் கேட்டு வளர்ந்த வீட்டுப் பிள்ளை எப்படி வாயைத் திறக்கும்?

அதே சினிமாவில்தான் 1985இல் 'ஆண்பாவம்' படத்தில் கொல்லங்குடி கருப்பாயியும், 2003இல் 'தூள்' படத்தில் பரவை முனியம்மாவும் பாடினார்கள். இன்று ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் பொங்கல் விழாத் தேர்வுக்கு அவர்களைப் போன்ற குரலோடு ஒருவர் வந்தால் முதல் சுற்றிலேயே அனுப்பிவிடுவார்கள்.

'கைபேசியில் பதிவு செய்து கேட்டேன், சகிக்கவில்லை. அதுதானே உண்மையான குரல்?' என்று கேட்பவர்கள் உண்டு. கூச்சத்தின் மிக வலுவான வாதம் இதுதான். நாம் பேசும்போதும் பாடும்போதும் நம் ஒலி காற்று வழியாக மட்டுமல்லாமல் மண்டை எலும்பு வழியாகவும் நம் உட்செவிக்குப் போகிறது. அந்த வழியில் கீழ்ஸ்தாயி ஒலிகள் வலுவாகச் சேர்கின்றன. பதிவில் அந்தக் கனம் இருக்காது, குரல் மெலிந்து கேட்கும். திடுக்கிடுவது எல்லாருக்கும் நடப்பது; ஃபிலிப் ஹோல்ஸ்மன், கிளைட் ரௌசி என்ற உளவியலாளர்கள் 1966இலேயே இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். உங்களுக்குப் புதிதாக ஒலிக்கும் அந்தக் குரலைத்தான் உங்கள் வீடும் அலுவலகமும் இத்தனை வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கின்றன. அந்தக் குரலில்தான் தினமும் வாட்ஸாப்பில் வாய்ஸ் நோட் அனுப்புகிறீர்கள், யாரும் புகார் சொல்லவில்லை.

இன்னொன்று, பலர் யோசிக்காதது. கரோக்கி டிராக்கை ஓடவிட்டு டி.எம். சௌந்தரராஜன் பாடிய அதே சுருதியில் பாடப் பார்க்கிறோம். சரணத்தில் மேலே போகும்போது குரல் கிழிகிறது. 'பார்த்தாயா, வராது' என்று முடிவு கட்டுகிறோம். கச்சேரி மேடையில் நடப்பதைக் கவனியுங்கள். பாடுகிறவர் ஒரு கட்டையோ ஐந்தரைக் கட்டையோ, அவர் தொண்டைக்கு எது இசைகிறதோ அதுதான் சுருதி. தம்பூராவும் வயலினும் அதற்குச் சேர்க்கப்படும், மிருதங்கமும் அதற்குப் பொருந்துகிறதாகப் பார்த்து எடுத்து வரப்படும். பல வருடம் சாதகம் செய்தவருக்கே இத்தனை ஏற்பாடு. ஒரு நாள்கூடப் பயிலாத நாம் வேறொருவர் சுருதியில் ஏறி மூச்சுத் திணறிவிட்டு, பழியைக் குரல்மேல் போடுகிறோம். இரண்டு கட்டை இறக்கிப் பாடிப் பாருங்கள். இன்றைய கரோக்கிச் செயலிகள் பலவற்றில் அதற்கு வசதி இருக்கிறது.

ஒப்பிடும் பொருளும் நியாயமானது இல்லை. இன்று நாம் கேட்கும் பாட்டு எத்தனையோ முறை பாடி, நல்ல துண்டுகளை ஒட்டி, சுருதி திருத்தி வெளிவருவது. எண்ணெய் வளம் தேட நில அதிர்வுகளைக் கணக்கிட்டுக்கொண்டிருந்த ஆண்டி ஹில்டிபிராண்ட் உருவாக்கிய 'ஆட்டோ-டியூன்' 1997இல் வந்தது. சுருதி திருத்தும் மென்பொருள் இல்லாத ஒலிப்பதிவுக் கூடம் இன்று அரிது. மின்விசிறி சுற்றும் அறையில் ஒரே மூச்சில் பாடியதை அதன் பக்கத்தில் வைத்து வெட்கப்பட என்ன இருக்கிறது?

சுருதியே கேட்காத காது உண்டா? உண்டு. ஆனால் அந்தப் பிறவிக் குறை நூற்றில் ஒன்றரைப் பேருக்குத்தான் இருக்கும் என்று 2017இல் வெளியான பெரெட்ஸ், வுவான் ஆய்வு மதிப்பிட்டது. அதற்குப் பத்து வருடம் முன்பு அதே பெரெட்ஸும் டல்லா பெல்லாவும் கனடாவின் மாண்ட்ரியலில் பூங்காவுக்கு வந்த சாதாரண மனிதர்களைப் பாடச் சொல்லிப் பதிவு செய்தார்கள். பயிற்சி இல்லாதவர்கள் அவசரமாகப் பாடினார்கள், அவசரத்தில் சுரம் தவறியது. அதே பாட்டை நிதானமாகப் பாடச் சொன்னபோது பெரும்பாலோர் தொழில்முறைப் பாடகர்களுக்கு நெருக்கமாக வந்துவிட்டார்கள்.

பெண்களுக்கு இந்தக் கூச்சம் இரட்டைப் பூட்டு. பெண் பார்க்க வரும்போது 'ஒரு பாட்டுப் பாடச் சொல்லுங்கோ' என்பார்கள். கல்யாணமானபின் சமையலறையில் முணுமுணுத்தால் 'பக்கத்து ஃபிளாட்டுக்குக் கேட்கும்' என்பார்கள். பரீட்சைக்கு மட்டும் வேண்டிய குரல், வாழ்க்கைக்கு வேண்டாமா? இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது, அடக்கிக்கொள்ள விரும்பவில்லை.

பீச்–தாம்பரம் மின்சார ரயிலில் பார்வையற்றவர்கள் சிறிய ஸ்பீக்கரைத் தோளில் மாட்டிப் பாடிக்கொண்டு வருவார்கள். சானடோரியத்தில் ஏறினால் பல்லாவரம் வருவதற்குள் ஒரு பழைய பாட்டு முடியும். சிலர் குரல் தேர்ந்தது, சிலர் குரல் சுமார். பெட்டி இரண்டையும் கேட்கிறது, ஜன்னலோரத்தில் இரண்டொரு உதடுகள் சேர்ந்து அசைகின்றன. நெரிசலில் அந்நியர்கள் நடுவே தொண்டையைத் திறக்கும் அவர்கள் தொழிலாளர்கள். அவர்களுக்குப் பத்து ரூபாய் கொடுத்துவிட்டு, வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டுகூடப் பாடப் பயப்படும் நாம், அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது நிறைய.

'எல்லாரும் பாடினால் கேட்பவர் கதி என்ன?' என்று கேட்பார்கள். டிக்கெட் விற்று மேடை ஏறுபவருக்குத் தேர்ச்சி வேண்டும், அதில் எனக்கு மறுப்பே இல்லை. பாடுகிறவர்கள் எல்லாரும் மேடைக்குத்தான் பாடுகிறார்கள் என்ற நினைப்பைத்தான் மறுக்கிறேன்.

இந்த நம்பிக்கையால் நாம் இழப்பது என்னவென்று பெருங்களத்தூரிலும் மாடம்பாக்கத்திலும் வயதான பெண்களிடம் போய்க் கேளுங்கள். நலங்குப் பாட்டு, ஊஞ்சல் பாட்டு, தன் பாட்டியிடம் கேட்ட தாலாட்டு எல்லாம் நினைவில் இருக்கும். பாடச் சொன்னால் 'எனக்குத் தொண்டை போச்சுடி' என்று கையை ஆட்டிவிடுவார்கள். வீட்டில் ஆயிரம் புகைப்படம் இருக்கும், அவர்கள் குரலில் ஒரு பாட்டு இருக்காது. விட்டுவிடாதீர்கள். தொண்டை போனால் போகட்டும், பாட்டு போகவேண்டாம் என்று சொல்லுங்கள். மின்விசிறியை நிறுத்தி, கைபேசியை ஒரு முழத் தூரத்தில் வைத்து, அவர்களுக்கு வசதியான சுருதியில் ஆரம்பிக்கச் சொல்லுங்கள். அடி மறந்தால் நீங்களும் சேர்ந்து பாடுங்கள். நடுவில் இருமினாலும், குக்கர் விசில் அடித்தாலும் பதிவை நிறுத்தாதீர்கள்.