ஈயமும் "மந்த"ப் பிள்ளைகளும்

வகுப்பிலே கவனமின்றி இருக்கும் பிள்ளையை "மொக்கு" என்று ஒதுக்கிவிடுவது சுலபம். குடியையும் குலத்தையும் இழுத்துக் காரணங் கற்பிக்கும் பண்டிதர்களும் நம்மிடையே உளர். அப்பிள்ளையின் இரத்தத்தில் என்ன கலந்திருக்கிறதென்று கேட்டோர் எத்தனை பேர்?

அமெரிக்க ஜெனரல் மோட்டோர்ஸ் கம்பனியின் ஆய்வுகூடம் 1921இல் ஓர் "அற்புதம்" நிகழ்த்தியது. ஈயச் சேர்வையொன்றைப் பெற்றோலிற் கலந்தால் எஞ்சின் தட்டுவது நின்றது. மதுசாரமும் அவ்வேலையைச் செய்யும்; ஆனால் அதற்குக் காப்புரிமை பெற முடியாதே! ஈயம் நஞ்சென்பது உரோமர் காலத்திலேயே அறிந்த செய்தி. ஆகவே "ஈயம்" என்ற சொல்லே தலைகாட்டாதபடி "எதில்" என்று பெயரிட்டு விற்றனர். 1924 ஒக்டோபரில், நியூ ஜேர்சியின் பேவே ஆலையில் அதனைத் தயாரித்த தொழிலாளர் ஐவர் சித்தம் பேதலித்து மாண்டனர். அளவுமிஞ்சி உழைத்ததாற் பைத்தியம் பிடித்திருக்கலாம் என்றது ஆலைத் தரப்பு!

அது தொழிலாளர் கதை. பிள்ளைகள் கதை இன்னும் கொடியது. பொஸ்டனில் பையேர்ஸ், லோட் என்னும் இருவர், ஈய நஞ்சேறிக் "குணமடைந்த" 20 சிறாரைத் தொடர்ந்து கவனித்து 1943இல் எழுதினர். பள்ளியிற் சீராக முன்னேறியது ஒரே பிள்ளை.

நோயே வெளித்தெரியாத பிள்ளைகள்? மசாசூசெற்ஸின் செல்சி, சமர்வில் நகரங்களிலே சிறாரின் விழுந்த பாற்பற்களைச் சேகரித்து, அவற்றின் ஈயத்தை அளந்தார் ஹேபேர்ட் நீடில்மன். கல்சியம் போல வேடமிட்டு எலும்பிலும் பல்லிலும் குடியேறும் ஈயம், அதே வேடத்தில் மூளையினுள்ளும் நுழைகிறது. பற்களின் இரகசியம் அறியாத ஆசிரியர்கள் 2,000க்கு மேற்பட்ட பிள்ளைகளைப் பற்றி வினாக்கொத்து நிரப்பினர்: கவனஞ் சிதறுகிறான், பகற்கனவு காண்கிறான், சொன்னதைச் செய்யான். பல்லில் ஈயம் ஏற ஏற இம்முறைப்பாடுகளும் ஏறின! குணத்தை எழுதுவதாக எண்ணி நஞ்சின் அளவை எழுதியிருக்கிறார்கள் நம் தொழிற் தோழர்கள்.

1979இல் வெளிவந்த இவ்வாய்வுக்கு நீடில்மன் பெற்ற பரிசு என்ன? ஈயத் தொழில்துறையினர் தமக்குச் சாட்சிகளாக அமர்த்திய உளவியலாளர் இருவர் 1991இல் அவர்மீது முறைகேட்டுக் குற்றம் சுமத்தினர். விசாரணையில் அது பொய்த்தது.

தீங்கென்று நீ நிரூபி, அதுவரை நாம் விற்போம்; இதுவே இலாபத்தின் தர்மசாஸ்திரம். அந்தத் தர்மத்தின் நிழலில் இலங்கைத் தெருக்களில் 2002 வரை ஈயப் பெற்றோல் புகைந்தது. கடைசியாக அல்ஜீரியாவில் அது நின்றது 2021இல்.

உலகச் சிறாரில் மூவருக்கு ஒருவர் இரத்தத்தில் கவலைக்குரிய அளவு ஈயம் உண்டென 2020இல் யுனிசெவ் அறிவித்தது. பெரும்பாலோர் வறிய நாட்டுப் பிள்ளைகள். பழைய மோட்டார் பற்றறிகளைக் குடியிருப்புகளிடையே உருக்கி ஈயம் பிரிப்பது அதற்கொரு முக்கிய காரணம். அந்த ஈயத்துக்கும் சந்தை உண்டு, வாங்குவோரும் உளர்.