ஆச்சி பேரில் ஒரு பலகை

திருவனந்தபுரம் ஆரியசாலை முக்கில் மல்லி, வத்தல் வாங்க நான் வழக்கமாகப் போகும் கடை ஒன்று உண்டு. முதலாளி நெல்லைப் பக்கம். இரவு கல்லாவில் அவர் சில்லறை எண்ணும்போது மகன் ஃபோனில் பாட்டு வைப்பான். போன வாரம் ஒரு ராப் பாட்டு ஓடியது.

"இது ஆருல?"

"அறிவுப்பா. ஆல்பம் பேரு வள்ளியம்மா பேராண்டி."

"பாடுதது பேரன். பின்ன பாட்டி பேர எதுக்கு வைக்கான்?"

பையன் முழித்தான். பதில் கொஞ்சம் நீளம்.

அரக்கோணத்துக்காரர் அறிவு. 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதல் கச்சேரி நடத்திய 'காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவில் ஒருவர். பா. ரஞ்சித்தும் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு அது. கானாவும் ராப்பும் ஒரே மேடையில் தோளோடு தோள் நின்றன. அடுத்த வருஷம் இசைத் தயாரிப்பாளர் ஆஃப்ரோவுடன் சேர்ந்து 'தெருக்குரல்' ஆல்பம். கூட்டமாகப் பாடும்வரை 'இது யார் பாட்டு' என்று யாரும் கேட்கவில்லை. 2021 மார்ச்சில் 'எஞ்சாய் எஞ்சாமி' வந்து உலகமே ஆடிய பிறகுதான் அந்தக் கேள்வி பிறந்தது.

அதே வருஷம் ரோலிங் ஸ்டோன் இந்தியா பத்திரிகை அட்டையில் உடன் பாடிய தீ இருந்தார், அறிவு இல்லை. சத்தம் எழுந்த பிறகு அவருக்கென்று ஓர் இணைய அட்டை வந்தது. 2022 ஜூலையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அந்தப் பாட்டு ஒலித்தபோதும் மேடையில் அவர் இல்லை. எழுதியதும் மெட்டமைத்ததும் தானே என்றார் அறிவு. அறிவு, தீ, தான் என மூவரின் கூட்டுழைப்பு என்றார் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன். அந்தத் தராசைப் பிடிக்க நான் ஆளில்லை. ஆனால் அந்தப் பாட்டின் வேர் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்த அவருடைய பாட்டி வள்ளியம்மாள் என்பதில் சண்டையே இல்லை.

1964-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தம், அங்கிருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும் என்றது. தலைமுறைகளாகத் தேயிலை வளர்த்தவர்களைக் கணக்குப் பார்த்துப் பிரித்துக்கொண்டார்கள். அவர்களில் சில குடும்பங்கள் எங்களுக்கு வடக்கே புனலூர்ப் பக்கம் வந்தன. அவர்களுக்காகவே 1976-இல் அங்கே ரப்பர்த் தோட்ட நிறுவனம் ஒன்று தொடங்கப்பட்டது. தேயிலை கிள்ளிய கை ரப்பர்ப் பால் வெட்டப் பழகியது. தாளில் அவர்கள் 'தாயகம் திரும்பியோர்'. பேர் சொல்லிக் கூப்பிட ஆளில்லை.

2024-இல் வந்த 'வள்ளியம்மா பேராண்டி' என்ற அறிவின் தனி ஆல்பத்துக்கு எஞ்சாமிக்குக் கிடைத்த ஆரவாரம் கிடைக்கவில்லை. ஆச்சரியமில்லை. நம் ஊரில் பாட்டு என்றால் சினிமா; ஒரு ஹீரோ முகம் ஒட்டியிருக்க வேண்டும். ஏ பக்கம், பி பக்கம் என்று வரிசையாகக் கேட்ட பொறுமையும் கேசட்டோடு போயிற்று. இப்போது முப்பது விநாடி ரீல்ஸில் தேறினால் பாஸ். அந்தத் தேர்வில் ஆல்பத்துக்கு மார்க் குறைவுதான்.

எனக்குப் பிடித்தது வேறு. குழுவிலிருந்து தனியே வந்தவன் அட்டையில் தன் பேரை மட்டும் கொட்டை எழுத்தில் போட்டுக்கொள்வது உலக வழக்கம். இவர் தன்னைப் பேராண்டி என்று சொல்லிக்கொண்டு பாட்டியை முன்னே நிறுத்தினார். பேர் விடுபடுவதன் வலி தெரிந்தவன், இன்னொரு பேரை விடாமல் பிடித்துக்கொண்டான். பார்வைக் கணக்கில் இது ஏறாது.

பேர் விடுபடுவது இங்கேயும் உண்டு. எங்கள் சாலைக் கடைத்தெருவில் கடை வைத்திருந்த எழுத்தாளர் ஆ. மாதவன், சுமடு தூக்குகிறவனையும் திண்ணையில் படுக்கிறவனையும் கதையில் உட்கார வைத்தார். ஆனால் தெருவின் பலகைகளைப் பாருங்கள்: இன்னார் அண்ட் சன்ஸ், இன்னார் பிரதர்ஸ். சாமி பேர்களை விட்டால் முக்கால்வாசி தாத்தாக்கள். புளி உடைத்து, வத்தல் காம்பு கிள்ளி முதல் சேர்த்த ஆச்சிகள் ஒரு பலகையிலும் இல்லை. இத்தனைக்கும் வள்ளியை மணந்த வேளிமலைக் குமாரசாமி நவராத்திரிக்கு வந்து தங்குவது இதே ஆரியசாலையில்தான்!

இதையெல்லாம் அண்ணாச்சியிடம் சொன்னேன். ஷட்டரைப் பாதி இழுத்தவர் அப்படியே நின்றார்.

"எங்க ஆச்சி பேரு பேச்சியம்மா," என்றார். பிறகு மகனைப் பார்த்து, "பாட்டுல வச்சா நிக்குமால?"