பாஸைக் கேளுங்கள், விரலைக் கேட்காதீர்கள்: பொழுதுபோக்குப் பூங்காக்களுக்கு ஒரு நுகர்வோர் அமைப்பின் நிலைப்பாடு

சீசன் பாஸோ ஆண்டு பாஸோ வாங்கியவர்தான் அதை வைத்துக்கொண்டு உள்ளே வருகிறாரா என்று பார்க்கப் பூங்கா நிர்வாகத்துக்கு உரிமை உண்டு. அதற்காக அவருடைய கைரேகையையோ முக அளவுகளையோ எடுத்து வைத்துக்கொள்ள உரிமை கிடையாது. பதினெட்டு வயது நிரம்பாதவர்களிடம் கேட்கவே கூடாது. அந்தச் சோதனையைச் சாக்காக வைத்து, ஒரு குடும்பம் ஆண்டில் எத்தனை தடவை வந்தது, எதில் ஏறியது, எங்கே சாப்பிட்டது, எவ்வளவு செலவழித்தது என்று பெயர்வாரியாகக் கணக்கெழுதி ஆண்டுக்கணக்கில் வைத்திருப்பதையும் நாங்கள் எதிர்க்கிறோம்.

இதை இப்போது சொல்லக் காரணம் இருக்கிறது. மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் முக்கியப் பிரிவுகள் நடைமுறைக்கு வருவதோ 2027 மே மாதம். இயந்திரத்தை வாங்கி வாசலில் நிறுத்திய பிறகு எடுக்கச் சொன்னால் எந்த நிர்வாகமும் கேட்காது. அதற்கு முன்பே பேசிவிடுவது நல்லது. தமிழ்நாட்டுப் பூங்கா எதன் மீதும் இந்த அறிக்கை குற்றம் சாட்டவில்லை. வெளிநாட்டுப் பெரிய பூங்காக்கள் முப்பது ஆண்டுகளாகச் செய்துவருவதும், அதற்கு அவை நீதிமன்றத்தில் சொன்ன பதில்களும் பொதுவெளியில் கிடக்கின்றன. எங்கள் நிலைப்பாடு அவற்றைப் படித்ததில் உருவானது.

விரல் கேட்கும் பழக்கம் புளோரிடாவின் டிஸ்னி வேர்ல்டில் 1990-களின் நடுவில் தொடங்கியது. பாதுகாப்புக்காக அல்ல, காசுக்காக. அங்கே பல நாள் டிக்கெட்டில் நாள் கூடக் கூட ஒரு நாளுக்கான விலை குறையும். ஐந்து நாளுக்கு வாங்கிய குடும்பம் மூன்று நாளில் ஊருக்குக் கிளம்பினால், மிச்சமுள்ள இரண்டு நாளைச் சாலையோரக் கடையில் விற்றுவிடலாம். கடைக்காரர் அதை இன்னொருவருக்கு விற்பார். இப்படி மறுவிற்பனை செய்வதைப் புளோரிடா மாநிலச் சட்டமே குற்றமாக்கியிருக்கிறது. அது போதாதென்று நிறுவனம் வாசலில் விரலையும் அளக்கத் தொடங்கியது. முதலில் ஆண்டு பாஸ்காரர்களின் இரண்டு விரல்களின் வடிவம்; பிறகு டிக்கெட் வைத்திருக்கும், பத்து வயது நிரம்பிய எல்லோருடைய விரல்களும்; அதன்பின் வடிவத்துக்குப் பதில் விரல் நுனியின் ரேகை. 2016-இல் மூன்று வயதுக் குழந்தைவரை இது இறங்கி வந்தது. மூன்று வயதுக்குக் கீழே டிக்கெட்டே கிடையாது என்பதால் அதற்கு மேல் இறங்க இடமில்லை.

விற்காமல் போன ஒரு டிக்கெட்டின் இழப்பு நிறுவனத்துக்கு. அதைத் தடுக்க ஈடாகத் தரப்படுவதோ மூன்று வயதுக் குழந்தையின் ரேகை. இந்தக் கணக்கு எங்களுக்கு நியாயமாகப் படவில்லை.

டிஸ்னி தரும் விளக்கத்தையும் சொல்லிவிடுகிறோம். விரலின் படத்தைத் தாங்கள் வைத்திருப்பதில்லை, அதை ஓர் எண்ணாக மாற்றிவிட்டுப் படத்தை உடனே அழிக்கிறோம், டிக்கெட் காலாவதியான 30 நாளில் அந்த எண்ணும் நீக்கப்படும், விருப்பமில்லாதவர் புகைப்பட அடையாள அட்டையைக் காட்டலாம் என்று அந்நிறுவனம் கூறியிருக்கிறது. இதில் கடைசி வரிதான் முக்கியமானது. அட்டையைக் காட்டி ஒருவர் உள்ளே போக முடியுமென்றால், மற்றவர்களின் விரல் எதற்கு? வரிசை வேகமாக நகரும் என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. அந்த வசதி உண்மைதான். நெரிசல் நாளில் கேட்டில் நிற்பவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் பாஸின் மேலேயே ஒரு படத்தை அச்சடித்தால் அதே வேகம் கிடைக்கும். நம் ஊர் ரயில்வே சீசன் டிக்கெட்டுக்கு அடையாள அட்டை போதுமானதாக இருக்கும்போது ராட்டினத்துக்குப் போதாதா?

எண்ணாக மாற்றிவிட்டோம் என்ற வாதமும் நிற்காது. மறுமுறை அதே விரல் வந்தால் அடையாளம் காட்டுகிற எண் அது, அதற்காகவே எடுக்கப்படுகிறது. அழித்தோம் என்பதற்கு நிறுவனத்தின் வாய்மொழி தவிர வாடிக்கையாளரிடம் சாட்சி எதுவும் இல்லை. ஆண்டுதோறும் பாஸைப் புதுப்பிப்பவருக்கு அந்த 30 நாள் எப்போது தொடங்கும் என்று கேட்டுப் பாருங்கள். விசுவாசமான வாடிக்கையாளருக்குத்தான் அழிக்கும் நாள் வருவதே இல்லை.

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலம் இந்த ஓட்டையை 2008-லேயே அடைத்தது. அங்குள்ள பயோமெட்ரிக் தனியுரிமைச் சட்டம் ரேகை, முக வடிவம் ஆகியவற்றோடு, அவற்றிலிருந்து உருவாக்கிய எந்தத் தகவலையும் சேர்த்தே கட்டுப்படுத்துகிறது. எதற்காக எடுக்கிறோம், எவ்வளவு காலம் வைத்திருப்போம் என்று எழுத்தில் சொல்ல வேண்டும். எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும். நோக்கம் முடிந்ததும், அல்லது அந்த நபர் கடைசியாக வந்த நாளிலிருந்து 3 ஆண்டுக்குள், இரண்டில் எது முந்தியதோ அதற்குள் அழிக்க வேண்டும். இந்தச் சட்டத்தின் எல்லையைத் தீர்மானித்த வழக்கு ஒரு பொழுதுபோக்குப் பூங்காவைப் பற்றியது என்பது தற்செயல் என்று எங்களுக்குத் தோன்றவில்லை.

2014-இல் சிகாகோவுக்கு வடக்கே கர்னி என்ற ஊரில் உள்ள சிக்ஸ் பிளாக்ஸ் பூங்காவுக்கு 14 வயதுப் பையன் ஒருவன் பள்ளிச் சுற்றுலா போனான். அவனுக்கான சீசன் பாஸுக்குத் தாய் ஏற்கெனவே ஆன்லைனில் பணம் கட்டிவிட்டார். பாஸை முடித்து வாங்க அவன் அங்கே கட்டைவிரலை வைக்க வேண்டியிருந்தது. வீடு திரும்பியதும், ஏதாவது காகிதம் கொடுத்தார்களா என்று தாய் கேட்டார். இல்லை, இப்போதெல்லாம் ரேகையிலேயே எல்லாம் முடிந்துவிடுகிறது என்றான் பையன். ரேகை எடுக்கப்போகிறார்கள் என்று தாய்க்கு யாரும் சொல்லவில்லை. கையெழுத்து எதுவும் கேட்கவில்லை. அவன் அதற்குப் பிறகு அந்தப் பூங்காவுக்குப் போகவே இல்லை. ரேகைத் தகவல் மட்டும் அங்கேயே இருந்தது என்பது தாயின் புகார்.

பையனுக்கு என்ன நஷ்டம் என்று நிறுவனம் கேட்டது. யாரும் அவன் ரேகையைத் திருடவில்லை, பணம் போகவில்லை, பிறகென்ன வழக்கு என்பதே அதன் வாதம். மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. இல்லினாய் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரி 25 அன்று ஒருமனதாக அதைத் தள்ளிவிட்டது. கேட்காமல் எடுத்ததே பாதிப்பு. தனியாக ஒரு நஷ்டத்தை நிரூபிக்கத் தேவையில்லை என்பது தீர்ப்பின் சாரம். 2021-இல் 3 கோடியே 60 லட்சம் டாலர் கொடுத்து நிறுவனம் சமரசத்துக்கு வந்தது.

சீனாவிலும் இது நடந்தது. அங்கே தனியுரிமை பேசி வெல்ல முடியாது என்று நினைப்பவர்கள் கவனிக்கலாம். ஹாங்சோ நகரின் சஃபாரி பூங்காவில் 1,360 யுவானுக்கு ஆண்டு பாஸ் வாங்கிய ஒரு சட்டப் பேராசிரியர் முதலில் விரலை வைத்துத்தான் உள்ளே போனார். 2019-இல், இனி முகத்தைப் பதிவு செய்யாவிட்டால் நுழைய முடியாது என்று பூங்கா குறுஞ்செய்தி அனுப்பியது. அவர் வழக்குப் போட்டார். முகத் தகவலை அழித்து, 1,038 யுவான் இழப்பீடு தரும்படி 2020-இல் கீழ் நீதிமன்றம் சொன்னது. அடுத்த ஆண்டு மேல் நீதிமன்றம் ரேகையையும் அழிக்கச் சொன்னது. தொகை சிறியதுதான். ஒப்பந்தம் போட்ட பிறகு வாசல் விதியைத் தன்னிச்சையாக மாற்ற முடியாது என்பது அதில் நிலைநாட்டப்பட்டது, அதுவே எங்களுக்கு வேண்டியது.

உடலை விட்டுவிட்டு நடமாட்டத்துக்கு வருவோம். டிஸ்னி வேர்ல்டு 2013-இல் மேஜிக்பேண்ட் என்ற கைப்பட்டையைக் கொண்டுவந்தது. ஹோட்டல் அறைக் கதவு, பூங்கா வாசல், சாப்பாட்டுக்கான கட்டணம் எல்லாம் அதிலேயே. தொட்டுக் காட்டும் சில்லோடு, தூரத்திலிருந்தே படிக்கக்கூடிய வானொலிச் சில்லும் அதில் இருந்தது. அதனால்தான் ராட்டினத்தில் எடுத்த படம் எதையும் தொடாமலே அவரவர் கணக்குக்குப் போய்ச் சேர்ந்தது. குழந்தைகளைப் பற்றிய தகவலை என்ன செய்வீர்கள் என்று அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் எட் மார்க்கி அந்த ஆண்டு ஜனவரியில் கடிதம் எழுதினார். நிறுவனத் தலைவர் பாப் ஐகர் கோபமாகப் பதில் எழுதினார். பதிமூன்று வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு விளம்பரம் செய்ய இதைப் பயன்படுத்துவதில்லை என்ற உறுதிமொழி அதில் இருந்தது. கேள்வி வந்தால்தான் உறுதிமொழி வரும் என்பதற்கு அது நல்ல உதாரணம்.

திரும்பத் திரும்ப வருபவரைப் பூங்கா ஏன் இவ்வளவு கவனமாக எண்ணுகிறது? ஆண்டு பாஸ்காரர் அடிக்கடி வருவார், ஒவ்வொரு வருகையிலும் குறைவாகச் செலவழிப்பார். ஒரே ஒரு நாளுக்காகத் தொலைவிலிருந்து வருபவர் அள்ளிக் கொடுத்துவிட்டுப் போவார். 2022 ஆகஸ்டில் டிஸ்னி வெளியிட்ட காலாண்டு அறிக்கை, கலிபோர்னியாவின் டிஸ்னிலாந்தில் பார்வையாளர் கலவை சாதகமாக இல்லை என்று குறைப்பட்டுக்கொண்டது. அது தங்களைத்தான் சொல்கிறது என்று ஆண்டு பாஸ்காரர்கள் புரிந்துகொண்டார்கள். சிலர் அதையே சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொண்டார்கள். நகைச்சுவையை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், எந்த வாடிக்கையாளர் லாபம், எவர் பாரம் என்று பிரிக்கும் தராசு அந்தப் பதிவேடுதான். எந்த நாளில் எத்தனை பேர் வந்தார்கள் என்ற மொத்தக் கணக்கு போதும் கூட்டத்தைச் சமாளிக்க. பெயர் தேவையில்லை.

இந்தியாவில் இந்த விஷயத்துக்கு இன்னொரு கனம் இருக்கிறது. இங்கே விரல் என்பது ரேஷன் கடைக்குச் சாவி. ஆதார் வழியாக வங்கிக் கணக்கிலிருந்து பணம் எடுப்பதற்கும் அதுதான் சாவி. கர்நாடகத்தில் பத்திரப் பதிவு ஆவணங்களில் இருந்த ரேகைகளைப் பிரதியெடுத்து மக்களின் கணக்கிலிருந்து பணம் எடுத்த மோசடிகள் 2023-இல் வெளிவந்தன. அதன்பின் அந்த ஆவணங்களில் ரேகைகளை மறைக்க அம்மாநிலம் நடவடிக்கை எடுத்தது. அரசு அலுவலகத்திலேயே பத்திரமாக இல்லாத ஒன்றைத் தண்ணீர்ப் பூங்காவின் டிக்கெட் கவுன்டரில் ஒப்படைக்கச் சொல்வது பொறுப்பற்ற செயல். பாஸ் தொலைந்தால் வேறு பாஸ் தரலாம். ரேகை போனால் போனதுதான்.

நம் சட்டத்தில் நல்லதும் இருக்கிறது, குறையும் இருக்கிறது. 2023 சட்டத்தின் 9-ஆவது பிரிவு பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களின் தகவலைப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதமின்றிக் கையாளக் கூடாது என்கிறது; அவர்களைப் பின்தொடர்வதையும், நடத்தையைக் கண்காணிப்பதையும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் தடுக்கிறது. மருத்துவமனை, பள்ளி, குழந்தைகள் காப்பகம் போன்றவற்றுக்கு விதிகளில் சில விலக்குகள் உண்டு. பொழுதுபோக்குப் பூங்கா அந்தப் பட்டியலில் இல்லை. இனியும் சேர்க்கக் கூடாது என்று மத்திய அரசைக் கேட்டுக்கொள்கிறோம்.

குறை என்னவென்றால், 2011-ஆம் ஆண்டு விதிகள் பயோமெட்ரிக் தகவலைத் தனி வகையாக, கூடுதல் கவனத்துக்குரியதாக வைத்திருந்தன. புதிய சட்டத்தில் அந்தப் பாகுபாடே இல்லை. தொலைபேசி எண்ணும் ரேகையும் ஒரே தட்டில். இன்னொன்று, விதிமீறலுக்கு 250 கோடி ரூபாய்வரை அபராதம் உண்டு, ஆனால் அது முழுவதும் அரசின் தொகுநிதிக்குப் போகிறது. விரலைக் கொடுத்தவருக்கு ஒரு ரூபாய் இல்லை. பாதிக்கப்பட்டவர் இழப்பீடு கேட்க வழி செய்த பழைய தகவல் தொழில்நுட்பச் சட்டப் பிரிவும் இதனால் மறைகிறது. ரேகையும் முகமும் மீண்டும் தனி வகையாக்கப்பட வேண்டும். இழப்பீட்டு உரிமை திரும்பி வர வேண்டும். இல்லினாயில் சட்டம் பல் முளைத்ததாக இருந்ததற்குக் காரணம், வழக்குப் போட ஒரு தாயால் முடிந்தது என்பதுதான்.

பூங்கா நிர்வாகங்களிடம் நாங்கள் எதிர்பார்ப்பது அதிகமில்லை. பாஸில் படம் அச்சடியுங்கள், வாசலில் ஆளையும் படத்தையும் பாருங்கள். தண்ணீரில் பணப்பை எடுத்துப் போக முடியாத இடத்தில் கைப்பட்டை உண்மையிலேயே உதவுகிறது. கொடுங்கள், அதில் பணக் கணக்கு மட்டும் இருக்கட்டும், மாலையில் திருப்பித் தரும்போது அழியட்டும். பாஸ் முடிந்து புதுப்பிக்காதவரின் வருகைப் பதிவை மூன்று மாதத்துக்குள் நீக்குங்கள். பள்ளிச் சுற்றுலாவில் வரும் மாணவரிடம் பாஸ் விற்பனைக்காகப் பெயரோ எண்ணோ வாங்காதீர்கள். ஆசிரியரின் கையெழுத்து பெற்றோரின் சம்மதமாகாது. ஒருநாள் டிக்கெட்டுக்குத் தொலைபேசி எண் கட்டாயம் என்று சொல்லாதீர்கள். பில் போடுவதற்கு வாடிக்கையாளரின் எண்ணைக் கட்டாயமாக்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதமே சில்லறைக் கடைகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. டிக்கெட் கவுன்டருக்கும் அது பொருந்தும் என்பது எங்கள் கருத்து.

2027 மே வரை கைகட்டி நிற்க வேண்டியதில்லை. நம்பிக் கொடுத்த தகவலை இன்னொருவருக்குத் தருவது, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி இன்றைக்கே நியாயமற்ற வணிக முறை. ஆகவே பார்வையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். விரலை வைக்கச் சொன்னால், வேறு வழி என்ன என்று கேளுங்கள். இல்லை என்றால் அதை எழுத்தில் தரச் சொல்லுங்கள். டிக்கெட்டையும் ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள், அல்லது உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுங்கள்.