‘அவன் அப்படித்தான்’ என்னும் தீர்ப்பு

காஞ்சிபுரத்தை அடுத்த தென்னேரியில் ஒரு தறிவீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். முப்பது வயது மகன். பிறவியிலேயே அறிவுவளர்ச்சிக் குறைபாடு உள்ளவர். எழுதப் படிக்க வராது. ஆனால், தந்தையின் தறிக்குத் தார் சுற்றித் தருபவர். சில மாதங்களாக ராட்டையருகே அமர்வதில்லை, இரவில் உறக்கமில்லை, தலையைச் சுவரில் மோதிக்கொள்கிறார். ஊரார் சொல்வது ஒன்றே: “அவன் அப்படித்தான்.” மருத்துவரும் பல வேளைகளில் அதையே சொல்லி அனுப்பிவிடுகிறார்.

அவர் அப்படி இருந்தவரல்லர் என்பதே நாம் கவனிக்க வேண்டியது. குறைபாடு பிறவியிலிருந்து இருப்பது. இந்த மாற்றமோ புதியது. 1982இல் அமெரிக்க உளவியலாளர் ஸ்டீவன் ரீஸும் அவருடைய சக ஆய்வாளர்களும் ஒரே அச்சநோய் விவரத்தை உளவியலாளர்களிடம் தந்து பார்த்தனர். நோயாளி அறிவுக்குறைபாடு உள்ளவர் என்று குறிப்பிட்டபோது, அதனை மனநோயாகக் கருதுவது குறைந்தது. குறைபாட்டின் நிழலில் நோய் மறைந்துபோனது.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அறிவுவளர்ச்சிக் குறைபாட்டை மனநோய் என்னும் வரையறைக்குள் சேர்க்கவில்லை. அது சரியே. ஆனால், குறைபாடு நோயன்று என்பதை, குறைபாடுடையோருக்கு மனநோயே வராது என்று புரிந்துகொள்வது பெரும்பிழை. மனச்சோர்வும் பதற்றமும் பிறரைவிட அவர்களிடம் மிகுதி. இரண்டையும் ‘பைத்தியம்’ என்ற ஒரே சொல்லில் அடைத்த பழி நம் கதைகளுக்கும் உண்டு.

கண்டறிவது எளிதன்று. “வருத்தமாக இருக்கிறதா?” என்றால் ‘ஆம்’ என்பார், “மகிழ்ச்சியா?” என்றாலும் ‘ஆம்’ என்பார். ஆகவே சிறு கேள்விகளும் படங்களும் வேண்டும். பல்வலி, காதுவலி, மலச்சிக்கல், தைராய்டு, வலிப்பு மருந்தின் பக்கவிளைவு ஆகியவற்றை முதலில் சோதிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, முன்பு எப்படி இருந்தார், எப்போது மாறினார், அப்போது வீட்டில் என்ன நடந்தது என்று தாயிடம் கேட்க வேண்டும். பாட்டியின் மரணத்தை யாரும் அவருக்குச் சொல்லாமலே விட்டிருக்கலாம்.

முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனமும், கீழ்ப்பாக்கத்தில் அரசு மனநல மருத்துவமனையும் இருக்கின்றன. ஆயினும் அங்கே போய்வரும் நாளில் தறி நிற்கும். தறி நின்றால் கூலியில்லை. மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்கான முகாமில் நுண்ணறிவு எண்ணைக் குறிப்பதோடு நின்றுவிடாமல், அண்மையில் நேர்ந்த மாற்றங்களையும் கேட்டு எழுத வேண்டும் என்பது எங்கள் கோரிக்கை. பெரும் செலவில்லை, ஒரு தாயின் சொல்லைக் கேட்கும் பொறுமை போதும்.