கூடி வளர்ந்தால் கோடி நன்மையா?

கூடி வாழ்ந்தால் கோடி நன்மை என்று படித்து வளர்ந்தவர்கள் நாம். ஊரை விட்டுத் தில்லிக்கு வந்தும் சங்கம் வைத்திருப்பது அந்த நம்பிக்கையினால்தான். ஆயினும் அப்பழமொழியைக் கண்ணாடிக் குடுவைக்குள் கொண்டு செல்வோர் சற்றே நிதானிக்க வேண்டும் என்பது என் கருத்து.

நுண்ணுயிர் உரம் செய்வோரிடையே இன்று ஒரு வேட்கை. காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துப் பயிருக்குத் தரும் ரைசோபியத்தையும், மண்ணில் கரையாது கிடக்கும் மணிச்சத்தைக் கரைத்துத் தரும் பாஸ்போபாக்டீரியாவையும் தனித்தனியே வளர்ப்பானேன்? ஒரே தொட்டியில் வளர்த்து ஒரே பொட்டலத்தில் அடைத்தால் செலவு குறையுமே என்கிறார்கள். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது.

நானும் நம்பினேன். சென்ற பருவத்தில் இரண்டையும் ஒரே குடுவையில் இட்டேன். மூன்றாம் நாள் குடுவை பால்போல் கலங்கி நின்றது, எனக்கோ பெருமகிழ்ச்சி! தட்டுகளில் பரப்பி எண்ணியபோதுதான் உண்மை தெரிந்தது. மணிச்சத்துக்கான பிகோவ்ஸ்கயா தட்டில் எங்கு பார்த்தாலும் தெளிந்த வளையம் சூழ்ந்த புள்ளிகள். காங்கோ சிவப்புத் தட்டிலோ ரைசோபியத்தின் வெண்புள்ளிகளைத் தேடிப் பொறுக்க வேண்டியிருந்தது.

காரணம் விளங்காததன்று. உளுந்தின் வேரில் குடியிருக்கும் ரைசோபியம் பெரும்பாலும் மெல்ல வளரும் இனம். தட்டில் கண்ணுக்குத் தெரிய ஒரு வாரம்கூட ஆகும். மற்றது மறுநாளே தெரியும். விடுதிச் சாப்பாட்டுக் கூடத்திற்குப் பிந்தி வருபவன் கதியை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. போதாக்குறைக்கு, சர்க்கரையைத் தின்ற பாஸ்போபாக்டீரியா அமிலத்தைக் கக்குகிறது. மண்ணில் மணிச்சத்தைக் கரைக்கும் அதே அமிலம் குடுவையில் தோழனை வாட்டுகிறது.

கூட்டு வளர்ப்பே கூடாதென்று சொல்ல வரவில்லை. 1890-களில் வினோகிராட்ஸ்கி கண்ட கிளாஸ்ட்ரிடியம் காற்றுப் பட்டால் வளராதது. உடனிருந்த வேறு பாக்டீரியாக்கள் உயிர்வளியைத் தின்று தீர்த்ததால்தான் அது தழைத்தது. ஆகவே மெல்ல வளர்வதை முதலில் இட்டு, சில நாள் கழித்து மற்றதைச் சேர்த்துப் பார்க்கலாம். தனித்தனியே வளர்த்துப் பொட்டலமிடும்போதும் கலக்கலாம். நான் வேண்டுவது ஒன்றே: பொட்டலத்தில் எண்ணிக்கையை இனவாரியாகச் சொல்லுங்கள்.

தஞ்சைப் பக்கம் என் சித்தப்பா நெல் அறுவடைக்குமுன் ஈர வயலில் உளுந்து தெளிப்பவர். பொட்டலத்தை ஆறின கஞ்சியில் கரைத்து, விதையில் புரட்டி, நிழலில் உலர்த்துவார். இரண்டாண்டுக்குமுன் ஒரு கூட்டுப் பொட்டலம் வாங்கினார். பிறகு ஒரு செடியைப் பிடுங்கி என்னிடம் நீட்டினார். வேர் முடிச்சுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். “என்னடா, உன் படிப்பு இதற்கு என்ன சொல்கிறது?” என்றார். வளர்த்தவர் பிழையா, கடையில் வெயில் பட்டதா? பொட்டலத்தில் அச்சிட்டிருந்ததோ மொத்த எண்ணிக்கை மட்டும். நான் வாய்மூடி நின்றேன்.

உரக் கட்டுப்பாட்டு ஆணையில் நுண்ணுயிர் உரங்கள் 2006-இல் சேர்க்கப்பட்டன. தூள் வடிவ ரைசோபிய உரமாயின் கிராமுக்கு 5 கோடி உயிரணுக்களேனும் இருக்க வேண்டும் என்பது அதன் விதி. மொத்தத்தில் பல கோடி காட்டி, அதில் ரைசோபியம் சில ஆயிரமே இருந்தால் உழவன் எதைக்கொண்டு கண்டுபிடிப்பான்?

நண்பர்களே, விடுமுறைக்கு ஊர் செல்வோர் ஆளுக்கொரு கூட்டுப் பொட்டலம் வாங்கி வாருங்கள். வெயில் படாமல் கொண்டு வாருங்கள். இருவகைத் தட்டிலும் எண்ணிப் பார்ப்போம். தட்டுகளை நான் ஊற்றி வைக்கிறேன்.