‘மற்றவர்களுக்கு’ எதற்கு இயற்பியல்?

காரவள்ளியிலிருந்து கொல்லிமலை ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது பயணிகளுக்குத் தலைசுற்றும். இறங்கும்போதுதான் ஓட்டுநருக்கு வேலை. பிரேக்கை மிதித்தபடியே அவர் இறக்கமாட்டார். தாழ்ந்த கியரில் போட்டு, எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும்படி விட்டு, வளைவு வரும்போது மட்டும் பிரேக்கைத் தொடுவார். விடுதியில் தங்கி பி.காம். படித்த மலைமேல் உள்ள செம்மேட்டுப் பக்கத்து மாணவி ஒருத்தி இதைப் பார்த்துவிட்டு வந்து என் இயற்பியல் வகுப்பில் கேட்டாள்: “பிரேக்கு நல்லாத்தானே சார் இருக்கு, அப்புறம் எதுக்குக் கியர்ல இறக்குறாங்க?”

அன்று பாடத்தை ஓரமாக வைத்துவிட்டுக் கரும்பலகையில் கணக்கைப் போட்டோம். ஆட்களோடு பேருந்தின் எடை 12 டன், இறங்கும் உயரம் 1000 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், அடிவாரம் சேர்வதற்குள் எங்காவது கொட்டித் தீர்க்கவேண்டிய ஆற்றல் ஏறத்தாழ 11.8 கோடி ஜூல். மின்கட்டணக் கணக்கில் 33 யூனிட். அத்தனையும் பிரேக் லைனிங்கிலேயே வெப்பமாக இறங்கினால், 400 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிக்கவைக்க அது போதும். அவ்வளவு சூடேறினால் லைனிங் பிடிக்காது. அதனால்தான் ஓட்டுநர் பெரும்பங்கை எஞ்சினிடம் தள்ளிவிடுகிறார். “எங்க வீட்டுல ஒரு வாரத்துக்குக்கூட 33 யூனிட் ஆகாதே சார்” என்றாள் அவள். ஜூல் என்ற சொல் அவளுக்குப் பொருள்பட்டது அந்த நிமிடத்தில்தான்.

ஆசிரியர் அறைகளிலும் பாடத்திட்டக் கூட்டங்களிலும் பல ஆண்டுகளாக நான் கேட்டுவரும் வாதம் ஒன்று உண்டு. மேஜர் எடுத்த பிள்ளைகளே இயற்பியலில் திணறுகிறார்கள், மற்ற துறையினருக்கு அது எதற்கு? அதிலும் மலையிலிருந்து வரும் முதல் தலைமுறைப் பிள்ளைகளுக்கு? அந்த நேரத்தில் ஏதாவது திறன் பயிற்சி கொடுத்தால் வேலையாவது கிடைக்கும் என்பார்கள். நல்ல எண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அந்த வாதத்தைத் தாங்கும் கூற்று ஒவ்வொன்றும் தவறு.

நம் கலைக்கல்லூரிகளில் இயற்பியல் மூன்று கதவு வழியாக வருகிறது. பி.எஸ்சி. இயற்பியல் மாணவருக்கு அது மேஜர். கணிதம், வேதியியல் மாணவருக்கு பிராக்டிகலோடு கூடிய துணைப்பாடம், அதாவது ‘அலைடு’. வணிகவியல், வரலாறு, தமிழ் மாணவருக்குப் பகுதி நான்கில் வரும் விருப்பத் தாள். என்.எம்.இ. (நான்-மேஜர் எலெக்டிவ்) பேப்பர் என்றால் எல்லோருக்கும் தெரியும். இந்த மூன்றாவது கதவைத்தான் மூடச் சொல்கிறார்கள்.

“அது அவர்கள் பாடமே அல்ல” என்பது முதல் கூற்று. கீழடியின் காலத்தைக் கி.மு. 580 வரையும், மயிலாடும்பாறையின் இரும்புக் காலத்தைக் கி.மு. 2172 வரையும் கொண்டுபோனது கல்வெட்டா, ஏடா? கார்பன்-14 அணு. அதன் அரை ஆயுள் 5730 ஆண்டு என்பதும், 2600 ஆண்டுப் பழைய கரித்துண்டில் முதலில் இருந்ததில் நூற்றுக்கு 73 பங்கு இன்னும் மிச்சமிருக்கும் என்பதும் தெரியாத வரலாற்று மாணவர், தன் நாட்டின் மிக முக்கியமான விவாதத்தில் யார் உரக்கச் சொல்கிறாரோ அவரைத்தான் நம்பவேண்டியிருக்கும். தேதிக்குப் பக்கத்தில் ஏன் ‘கூட்டல் கழித்தல்’ போடுகிறார்கள் என்று புரிந்தவரை அப்படி ஏமாற்ற முடியாது.

தமிழ் மாணவருக்கு? மட்டக்களப்பின் காரைதீவில் பிறந்த விபுலாநந்தரை நினைத்துக்கொள்கிறேன். லண்டன் பல்கலைக்கழகத்தின் அறிவியல் பட்டம் பெற்று, யாழ்ப்பாணத்தில் அறிவியல் கற்பித்தவர். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்தார். 1947இல் வெளிவந்த ‘யாழ் நூல்’ அவர் பல்லாண்டு செய்த ஆராய்ச்சியின் விளைவு. மறைந்துபோன ஒரு கருவியை உரைகாரர்களின் சொல்லிலிருந்து மட்டும் மீட்க முடியாது. நரம்பின் நீளத்தைப் பாதியாக்கினால் அதிர்வு இரட்டிக்கும், மூன்றில் இரண்டாக்கினால் குரல் என்ற சுரத்துக்கு இளி என்ற சுரம் கிடைக்கும் என்று அளந்து கணக்கிடத் தெரிந்த தமிழறிஞரால்தான் முடிந்தது. எந்தக் கதவு வழியாக அவர் இயற்பியலுக்குள் வந்தார் என்பது அந்த நூலுக்கு ஒரு பொருட்டே அல்ல. எதிர்த்திசையிலும் ஒருவரைச் சொல்லலாம். சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் பரோடாவில் இயற்பியல் பட்டம் பெற்றார், முனைவர் பட்டமும் இயற்பியலில்தான். உழைத்தது உயிரியலில், 2009இல் நோபல் வாங்கியது வேதியியலுக்கு. துறைச்சுவரைக் கல்லூரி அலுவலகம் எழுப்புகிறது, அறிவு அதைக் கண்டுகொள்வதில்லை.

இரண்டாவது கூற்று கொஞ்சம் வலுவானது. கணக்கை நீக்கினால் அது வெறும் கதை, கணக்கோடு சொன்னால் இந்தப் பிள்ளைகளுக்கு ஏறாது என்பது. இன்றைய தாளின் நிலைக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. மேஜர் பாடத்தை எடுத்து, நிறுவல்களை வெட்டி, வரையறைகளை மட்டும் விட்டுவைத்தால் அது ‘எளிய இயற்பியல்’ என்று நினைக்கிறோம். நோட்ஸ் சொல்லி எழுதவைக்கிறோம், தேர்வுக்கு முன் பத்துக் கேள்வி குறித்துக் கொடுக்கிறோம். அது இயற்பியலே அல்ல, ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் கணக்கு இருந்தால் மட்டும் புரிந்துவிடும் என்பதற்கு என்ன ஆதாரம்? ஹார்வர்டில் எரிக் மசூர் 1990ஐ ஒட்டிய ஆண்டுகளில், பெரும்பாலும் மருத்துவம் படிக்கப்போகும், இயற்பியல் மேஜர் அல்லாத மாணவர்களுக்கு வகுப்பெடுத்தார். கடினமான கணக்குகளைப் போட்டுத்தள்ளிய அவர்களிடம், விசை பற்றிய எளிய கேள்விகளைச் சூத்திரமே இல்லாமல் கொடுத்தார். நீங்கள் கற்றுக்கொடுத்தபடி எழுதுவதா, நான் வழக்கமாக நினைக்கிறபடி எழுதுவதா என்று ஒரு மாணவி கேட்டாளாம். பலர் சறுக்கினார்கள். கணக்கு கைவசம் இருந்தும் கருத்து உள்ளே போகவில்லை. 1998இல் ரிச்சர்ட் ஹேக் 62 இயற்பியல் வகுப்புகளின் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களின் முடிவுகளைத் தொகுத்தார். தொடக்கத்தில் தெரியாதிருந்ததில், சொற்பொழிவு வகுப்புகளில் கற்றுக்கொண்டது சராசரி 23 விழுக்காடு. பேசி, விவாதித்து, செய்துபார்த்த வகுப்புகளில் 48. கூர்ந்து பார்த்தால் இந்த எண்கள் மாணவரை எடைபோடவில்லை, நம்மை எடைபோடுகின்றன. மேஜர் பிள்ளைகள் திணறுவதற்கும் நாம் கற்பிக்கும் முறையே காரணமாயிருக்க, அந்தத் திணறலைக் காட்டி மற்றவர்களுக்குப் பாடத்தை மறுப்பது என்ன நியாயம்?

அந்த பி.காம். மாணவிக்குத் தேவைப்பட்ட கணக்கு மூன்று எண்களின் பெருக்கல். வட்டி போடத் தெரிந்தவருக்கு அது ஒன்றுமே இல்லை.

மூன்றாவது கூற்றுதான் எனக்கு வலிக்கிறது. மலைப்பிள்ளைக்கு இது எட்டாது, ஆய்வக வசதியில் வளராதவர்கள் என்பது. கொல்லிமலையைவிட நல்ல ஆய்வகத்தை எந்தக் கல்லூரி கட்டிவிடும்? அடிவாரத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் மேலே போனதும் உப்பிப் பலூன்போல் ஆவதை எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். 1200 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு குறைவு. அங்கே தண்ணீர் 96 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிக்கிற தண்ணீர் என்றால் எங்கும் ஒரே சூடு என்று நினைக்கும் சமவெளி மாணவருக்கு, பருப்பு வேக ஏன் நேரமாகிறது என்பதை மலை மாணவிதான் சொல்லவேண்டும். அழுத்தமானி உள்ள கைபேசியைப் பையில் வைத்துக்கொண்டு ஏறினால், ஏறத்தாழ ஒன்பது மீட்டருக்கு ஒரு மில்லிபார் குறைவதை வளைவுக்கு வளைவு குறித்துக்கொண்டே போகலாம்.

கொல்லிமலையின் ஆகாய கங்கை ஏறத்தாழ 300 அடி அருவி. அவ்வளவு உயரத்திலிருந்து விழும் நீர் அடியில் 0.2 டிகிரி சூடாகவேண்டும் என்கிறது கணக்கு. அந்த அலகுக்குப் பெயர் தந்த இயற்பியலாளர் ஜூல் தன் தேனிலவின்போது ஆல்ப்ஸ் மலை அருவி ஒன்றில் இதையே அளக்க முயன்றதாகக் கெல்வின் எழுதியிருக்கிறார். அளந்து பார்த்தால் பெரும்பாலும் கிடைக்காது. சிதறும் துளிகள் ஆவியாகி நீரைக் குளிர்வித்துவிடும். ஏன் கிடைக்கவில்லை என்று மாணவர் யோசிக்கும் அந்தப் பத்து நிமிடத்துக்கு எந்த ரெக்கார்டு நோட்டும் ஈடாகாது.

சாமையை எடுத்துக்கொள்ளுங்கள். மலையாளிப் பழங்குடிப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக உரலில் இடித்து உமி நீக்கிய தானியம். கையெல்லாம் காய்த்துப்போகும் வேலை. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே சிறுதானிய இயந்திரங்களைக் கொண்டுபோனபின் பல ஊர்களில் அந்தப் பாடு குறைந்தது. உமி நீக்கும் இயந்திரங்களில் ஒருவகை, மணியைச் சுழற்றிச் சுவரில் எறிந்து உடைப்பது. வேகம் குறைந்தால் உமி போகாது, கூடினால் அரிசி நொறுங்கிக் குருணையாகும். சுழல்வேகம் இரட்டித்தால் மோதும் ஆற்றல் நான்கு மடங்கு. மகளிர் குழுவில் இயந்திரம் ஓட்டும் தாயின் மகளுக்கு இது பாடப்புத்தகச் சமன்பாடா? வீட்டு வருமானம்.

மேஜர் மாணவருக்கும் மலை ஒரு பாடம் வைத்திருக்கிறது. தனி ஊசலை மேலே கொண்டுபோனால் புவியீர்ப்பு குறையும். ஆனால் பத்தாயிரத்தில் இரண்டு மூன்று பங்குதான், ஏனென்றால் காலடியில் உள்ள மலையும் சேர்ந்து இழுக்கிறது. ஊசல் கடிகாரமாயிருந்தால் நாளுக்குப் பத்து வினாடி அளவுக்குப் பின்தங்கும். நூலும் குண்டும் ஸ்டாப்வாட்சும் வைத்து நாம் செய்யும் பிராக்டிகலின் பிழையோ நூற்றில் ஒன்று. ஆகவே அந்தச் சோதனையால் இதைக் காணவே முடியாது. எதைத் தன் கருவியால் காண முடியாது என்று முன்கூட்டியே சொல்லத் தெரிந்தவர் பாதி இயற்பியலாளர் ஆகிவிட்டார். மூன்று ஆண்டு மேஜர் படித்தும் இதை ஒருமுறைகூடச் செய்யாமல் வெளியேறுகிறவர்கள் ஏராளம்.

வேலை பற்றிய கடைசிக் கூற்றுக்கு நீண்ட பதில் வேண்டாம். பி.எஸ்சி. இயற்பியலுக்கு உடனே வேலை கிடைப்பது கடினம், உண்மை. பல பட்டங்களுக்கும் அதுதான் நிலை. ‘நான் முதல்வன்’ போன்ற திறன் பயிற்சிகள் வேண்டும், வாரத்துக்கு இரண்டு மணி நேர இயற்பியல் அவற்றின் இடத்தைப் பறிக்கவில்லை. பி.காம். முடித்து வங்கிக்குப் போகிறவரின் மேசைக்கு நாளை சோலார் கடன் விண்ணப்பம் வரும். ஒரு கிலோவாட் பேனல் நாளுக்குப் பத்து யூனிட் தரும் என்று விற்பவர் எழுதியிருப்பார். நம் ஊர் வெயிலுக்கு நான்கு யூனிட் அளவில்தான் கிடைக்கும். கிலோவாட்டுக்கும் யூனிட்டுக்கும் வேறுபாடு தெரியாத அதிகாரி கையெழுத்திடுவார், மலை விவசாயி தவணை கட்டுவார்.

என்.எம்.இ. தாளை எடுத்துவிடுங்கள் என்று அடுத்த பாடத்திட்டக் கூட்டத்திலும் யாராவது சொல்வார்கள். அதற்கு முன் ஒரு பருவம் இப்படி நடத்திப் பார்க்கட்டும் என்று கேட்கப்போகிறேன். வரையறை எழுதும் ஐந்து மதிப்பெண் கேள்விகளை நீக்கிவிட்டு, எல்லாத் துறை மாணவர்களையும் கலந்து நால்வர் நால்வராக மலைப் பேருந்தில் ஏற்றுவோம். காரவள்ளியில் ஒரு அளவீடு, செம்மேட்டில் ஒரு அளவீடு. பிழை எவ்வளவு என்று அவர்களே மதிப்பிட்டு, ஏன் அப்படி வந்தது என்று தமிழில் இரண்டு பக்கம். பேருந்துக் கட்டணம் தவிர வேறு செலவில்லை.