கரண்ட் போனால் 14 லிட்டர்!

'சம்ப்' என்றதும் லாரித் தண்ணீர் ஞாபகம் வருகிறதா? இது வேற சமாச்சாரம் சார்! கடல்மீன் தொட்டிக்கு அடியில் மறைத்து வைக்கிற இன்னொரு கண்ணாடித் தொட்டி. மேலே வழியும் உப்புத் தண்ணீர் குழாய் வழியே இதில் இறங்கும்; மோட்டார் மறுபடி மேலே ஏற்றும்.

கரண்ட் போனால்தான் பரீட்சை. மேலே ஏற்றுகிற குழாயின் வாய் தண்ணீருக்குள் முங்கியிருந்தால், அதுவே ரிவர்ஸில் உறிஞ்ச ஆரம்பித்துவிடும். 4 அடிக்கு ஒன்றரை அடி தொட்டியில் ஓர் அங்குலம் இறங்கினாலே 14 லிட்டர்!

பரிகாரம் இரண்டு. குழாயில், நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே சின்ன ஓட்டை. காற்று புகுந்ததும் உறிஞ்சல் நின்றுவிடும் (பாசி அடைக்காமல் அவ்வப்போது குத்திவிடணும்). அதுவரை இறங்குகிற தண்ணீருக்கு சம்ப்பில் காலி இடம்.

மீன் விடும் முன்பே பிளக்கைப் பிடுங்கிப் பார்த்துவிட்டேன். கீழ் போர்ஷனில் ஹவுஸ் ஓனர் ஆச்சே!